கார்லிஸ் பெண்டாட்டிக்கு வாங்கிக்கொடுத்த துப்பாக்கி

ஆர்கன்சாவின் இந்த மலை மூலையில் ஓர் ஆண்பிள்ளை தன் பெண்டாட்டியைப் பல் வலியோடு மாதக்கணக்கில் முனகவிடலாம். பிறந்த நாளுக்கு மண்வெட்டி வாங்கிக்கொடுக்கலாம். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆனால் அவள் நாலு பேர் முன்னால் "எனக்கு ஒரு துப்பாக்கி வேணும்" என்று கேட்டு, அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மறுநாளிலிருந்து யாரும் அவனுக்கு டிராக்டர் இரவல் தரமாட்டார்கள். நாய்கூட அவன் வண்டிச் சக்கரத்தில் காலைத் தூக்காது.

இது நெல்டா பிக்ஸ்பிக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வீட்டில் கேட்காமல் சர்ச் விருந்தில் கேட்டாள்.

பொரித்த மீனும் உருளைக்கிழங்கு சாலடும் பரிமாறிக்கொண்டிருந்த நேரம். அவள் புருஷன் கார்லிஸ், பாதிரியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரிலேயே சாது அவன்தான் என்கிற மாதிரி மீன் தின்றுகொண்டிருந்தான். நெல்டா சாலட் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பாதிரியாரிடம் சொன்னாள்:

"அய்யா, இவரு ராத்திரியானா கோழி லோடு ஏத்திக்கிட்டுப் போயிடறாரு. நம்ம பக்கம் செம்புக்கம்பி திருடனுங்க சுத்தறானுங்களாம். நான் தனியாக் கெடக்கேன். எனக்குன்னு கைக்கு அடக்கமா ஒரு துப்பாக்கி இருந்தா தேவல."

"நல்ல யோசனைம்மா" என்றார் பாதிரியார். பெண்கள் கை தட்டினார்கள். ஒரு கிழவர் ஆமென் என்றார். கார்லிஸ் வாயிலிருந்த மீனை முள்ளோடு விழுங்கினான். அது இறங்கியதை நான் இரண்டு மேசை தள்ளியிருந்து கண்ணால் பார்த்தேன். தொண்டைக்குள் ஒரு கோழி முட்டை புரண்டது போல இருந்தது.

"அதுக்கென்ன, வாங்கிக் குடுத்துட்டாப் போச்சு" என்றான். "ஆனா எதுன்னு நான்தான் பாத்து எடுப்பேன்."

அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். பெண்ணுக்குத் துப்பாக்கியை ஆண்தான் பொறுக்கவேண்டும் என்பதும் இங்கே எழுதாத சட்டம்.

துப்பாக்கி எந்தத் திருடனுக்கு என்பது நெல்டாவுக்குத் தெரியும். கார்லிஸுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அந்த உயரத்தில் உட்கார்ந்தால் எந்த வீட்டுக் கொல்லையும் தப்பாது. போதாததற்கு என் வீடு அவர்கள் வீட்டுக்கு எதிரே, ஓடைக்கு இந்தப் பக்கம். நெல்டாவின் கன்னம் ஒரு வருஷம் நீலமாக இருக்கும். கேட்டால் குளிர்பதனப் பெட்டியின் கதவு இடித்தது என்பாள். மறு வருஷம் கை கட்டுப்போட்டுத் தொங்கும். அதற்கும் அதே பெட்டிதான். அவ்வளவு முரட்டுப் பெட்டி அமெரிக்கா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அது குடித்துவிட்டு வேறு வரும்.

அடிப்பதைவிட மற்றதில்தான் கார்லிஸுக்குக் கற்பனை அதிகம். நெல்டா கோழி ஆலையில் கத்தி பிடித்து இறக்கை வெட்டி வெட்டியே விரல்கள் வளைந்துபோனவள். காலையில் எழுந்தால் கை விரிய அரை மணி ஆகும். ஒரு ஜாம் பாட்டிலைத் திறக்க அவளால் முடியாது. இவன் என்ன செய்வான் தெரியுமா? லாரியை எடுப்பதற்கு முன்னால் சமையலறைக்குப் போய், காபித்தூள், சர்க்கரை, ஊறுகாய் என்று இருக்கிற பாட்டில் மூடியையெல்லாம் பலம்கொண்ட மட்டும் இறுக்கிவிட்டுப் போவான். சில நாள் அவள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டி என்னிடம் வருவாள். "ஓப்பல் அக்கா, இத கொஞ்சம் தெறந்து தாங்களேன்" என்பாள்.

அவன் வீட்டில் துப்பாக்கிக்குப் பஞ்சம் என்று நினைக்கவேண்டாம். ஆள் உயர இரும்புப் பெட்டகம் நிறைய வைத்திருந்தான். அதை வைத்துக்கொண்டு கனடாமீது படையெடுத்திருக்கலாம். சாவி பூட்ஸ் கயிற்றில் கோர்த்து அவன் கழுத்தில் கிடக்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டான்.

சனிக்கிழமை காலை வெர்லின் கடையில் நாங்கள் வழக்கம்போலக் கூடியிருந்தோம். வெர்லின் துப்பாக்கி விற்கிறவன். அவன் காபி தார்போல இருக்கும், ஆனால் இலவசம். அதனால் ஊரில் வேலையில்லாத கிழடுகள் எல்லாம் அங்கேதான். அன்றைக்கு ஹாய்ட் இருந்தான். அந்தக் காலத்தில் ஷெரீஃபுக்கு உதவியாளாக இருந்தவன். ஒற்றை ஆளாக ஏழு கொள்ளைக்காரர்களை மடக்கியதாகச் சொல்லுவான். வருஷத்துக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டே வருவான். அப்புறம் சிப் என்று ஒருவன். எப்போதும் செல்போனைத் தூக்கிப் பிடித்து எதையாவது படம் எடுத்துக்கொண்டிருப்பான். அவன் தாயார் சவப்பெட்டியில் கிடந்ததையே மூன்று கோணத்தில் எடுத்தவன்.

கார்லிஸும் நெல்டாவும் உள்ளே வந்தார்கள்.

"தங்கச்சி, வா, வா" என்றான் வெர்லின். "பாதிரியாரு சொன்னாரு. பெண்களுக்குன்னே தனியா ஒரு பெட்டி வச்சிருக்கேன், பாரு."

கண்ணாடிப் பெட்டிக்குள் ரோஜா நிறத்தில் ஒன்று, ஊதா நிறத்தில் ஒன்று, வான நீலத்தில் ஒன்று. குழந்தைகள் சப்புகிற மிட்டாய்போல இருந்தது. நெல்டா அதைப் பார்த்துவிட்டு, "திருடன் இதக் கண்டா கேக் வெட்ட வருவான்ணே" என்றாள்.

ஹாய்ட் தொண்டையைச் செருமினான். "பொம்பளைக்கு இத்துனூண்டுதான் சரி. கைப்பைல லிப்ஸ்டிக்கோட போட்டுக்கலாம். நான் எத்தன கேஸ் பாத்திருக்கேன்."

"கையளவு சின்னதுதான் ரொம்ப ஒதைக்கும் ஹாய்ட்டு" என்றான் வெர்லின். "கனம் இருந்தாத்தான் ஒதைய அது வாங்கிக்கும். இல்லேன்னா மொத்தமும் மணிக்கட்டுக்கு வரும்."

"ஒதைக்கெல்லாம் இவ பயப்படமாட்டா" என்றான் கார்லிஸ். சொல்லிவிட்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். சிப்பும் சிரித்தான். எதற்கு என்று தெரியாமல் ஹாய்ட்டும் சிரித்தான்.

பிறகு கார்லிஸ் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். கண்ணாலம் பண்ணிக்கொள்ளப் பெண் பார்க்கிறவன்கூட அவ்வளவு நிதானமாகப் பார்த்திருக்கமாட்டான். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் தோட்டா உள்ளே ஏறும் வகை அது. ஒன்றை இழுத்தான், சுலபமாக வந்தது, வைத்துவிட்டான். இன்னொன்றை இழுத்தான், அதுவும் வந்தது, வைத்துவிட்டான். கடைசியில் ஒரு கறுப்புத் துப்பாக்கியை இழுத்தபோது அவன் கழுத்து நரம்பே புடைத்தது. அவன் முகம் மலர்ந்தது பாருங்கள், சூரியகாந்தி தோற்றுப்போகும்.

"இதான். இதக் கட்டு வெர்லின்."

"தங்கச்சி இழுத்துப் பாக்கட்டும்" என்றான் வெர்லின்.

நெல்டா வாங்கி, வளைந்த விரல்களால் பற்றி இழுத்தாள். அசையவில்லை. வயிற்றோடு அணைத்துக்கொண்டு இழுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஒரு மயிரிழை நகரவில்லை. கார்லிஸ் கையைக் கட்டிக்கொண்டு ரசித்தான். ஊறுகாய் பாட்டிலோடு அவள் மல்லுக்கட்டுவதை அவன் இருந்து பார்த்ததில்லை அல்லவா, அந்தக் குறை தீர்ந்தது.

"இது ஒத்துவராது கார்லிஸ்" என்றான் வெர்லின்.

"பழகிடும்."

"திருடன் வந்துட்டான்னா?" என்றாள் நெல்டா.

"கொஞ்சம் பொறுங்க சார், இத இழுத்துக்கறேன்னு சொல்லு. நல்ல திருடனா இருந்தா அவனே இழுத்துக் குடுப்பான்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்; நல்லாயிருந்தால் சிரிக்கத்தானே வேண்டும்.

நெல்டா கறுப்பை மேசைமேல் வைத்தாள். அவள் பார்வை இடப்பக்க அலமாரிக்குப் போனது. அங்கே ரோஜாவும் ஊதாவும் இல்லாமல், நாலங்குலக் குழலோடு எஃகு ரிவால்வர் ஒன்று கிடந்தது. பழைய மாதிரி, சாதாரணம், கனமானது.

"அண்ணே, அது?"

"அதுவா? அத யாரும் சீந்தறதில்ல. ஆனா நல்ல சாமான். உருளைல தோட்டாவப் போட்டா விசைய அழுத்த வேண்டியதுதான். எதையும் இழுக்கவேணாம், தள்ளவேணாம். கனம் இருக்கறதால ஒதைக்காது."

வெர்லின் அதைத் திறந்து காலி என்று காட்டிவிட்டு அவளிடம் கொடுத்தான். அவள் இரண்டு ஆட்காட்டி விரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக விசையில் வைத்துச் சுவரில் தொங்கிய மான் தலையைப் பார்த்து அழுத்தினாள். டிக். மறுபடியும் அழுத்தினாள். டிக். ஒவ்வொரு டிக்குக்கும் கார்லிஸின் சிரிப்பு ஒரு சுற்று இளைத்துக்கொண்டே வந்தது.

"எனக்கு இது போதும்" என்றாள்.

"உனக்கு என்னடி தெரியும்?" என்றான் கார்லிஸ். பிறகு கடையில் இருக்கிறோம் என்ற நினைவு வந்து, குரலில் தேனைத் தடவிக்கொண்டான். "செல்லம், வாங்கறதுக்கு முன்னால ஒரு தடவ வெடிச்சுப் பாக்கணும். சத்தத்துக்கே நீ மெரண்டுட்டா துப்பாக்கி எதுக்கு? வெர்லின், மாமியார எடு."

மாமியார் என்பது வெர்லின் கடையின் பெரிய ரிவால்வருக்கு நாங்கள் வைத்த பெயர். ஒருமுறை வாயைத் திறந்தால் வீடு ஆடும். கரடி, காட்டெருமை, சின்ன ரயில் வண்டி, இதையெல்லாம் நிறுத்துவதற்குச் செய்தது. முதல்முதலாகக் கடைக்கு வருகிற ஒவ்வொரு பெண்டாட்டி கையிலும், காதலி கையிலும் அதைக் கொடுத்துச் சுடச்சொல்லிப் படம் எடுப்பது எங்கள் வழக்கம். சுவரில் அந்தப் படங்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாப் பெண்ணுக்கும் வாய் திறந்திருக்கும், கால் தரையில் இருக்காது. பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஒருத்தியின் பல்செட் அடுத்த மாவட்டத்தில் கிடைத்தது. அங்கே ஒரு பசுமாடு அதை மாட்டிக்கொண்டு திரிந்ததாகக் கேள்வி. அப்படிச் சுட்டவர்களில் பாதிப்பேர் பிறகு துப்பாக்கி இருக்கிற அறைக்குள்கூடப் போனதில்லை. ஆண்களுக்கு அது பெரிய வேடிக்கை. கார்லிஸுக்கு அன்றைக்கு அது வேடிக்கையைவிடப் பெரியது.

நெல்டா மாமியாரைப் பார்த்தாள். கார்லிஸைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

எல்லோரும் கடைக்குப் பின்னால் போனோம். அங்கே ஒரு மண்மேடு, அதன் முன்னால் தொங்கும் தகரத் தட்டுகள், இந்தப் பக்கம் ஒரு மரமேசை. முட்டி வலிக்கு நாற்காலியை நான் தூக்கிக்கொண்டே போனேன். வெர்லின் நெல்டாவுக்குக் காதுமூடியை மாட்டிவிட்டு, எப்படி நிற்பது, எப்படிப் பிடிப்பது என்று காட்டினான். எப்போதும் சொல்லுகிறதைச் சொன்னான்: "என்ன ஆனாலும் குழல் மண்மேட்டப் பாத்தே இருக்கணும். திரும்பக்கூடாது. ஆகாசமே இடிஞ்சு விழுந்தாலும் திரும்பக்கூடாது." அவள் தலையாட்டினாள்.

அப்புறம் கார்லிஸிடம், "ஒண்ணே ஒண்ணு போடு. கன்னிக் கை. ஒதைல விரல் தானா அழுந்தி ரெண்டாவதும் வெடிச்சா வம்பு" என்று சொல்லிவிட்டு, கழன்றிருந்த தட்டைக் கட்ட மேட்டுப் பக்கம் போனான்.

கார்லிஸ் அவன் முதுகைப் பார்த்தான். சிப்பைப் பார்த்துக் கண்ணடித்தான். உருளையைத் திறந்து, ஒன்றைப் போட்டான். இன்னொன்றைப் போட்டான். காலி அறை இல்லாமல் நிரப்பிவிட்டுச் சத்தமில்லாமல் மூடினான். நெல்டா அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோழி ஆலையில் நகரும் பட்டையின் முன்னால் நின்ற கண் அது, எதையும் தவறவிடாது. நானும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. நல்ல படம் ஓடும்போது எழுந்துபோய் விளக்கைப் போடுவதா?

வெர்லின் தட்டைக் கட்டிவிட்டு ஓரமாக ஒதுங்கி, சுடலாம் என்று கையைக் காட்டினான். நெல்டா மாமியாரைத் தூக்கினாள். அதைத் தூக்கவே அவள் தோள் நடுங்கியது. சிப் போனை உயர்த்தினான்.

வெடித்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், கடைக் கூரையிலிருந்த பனி மொத்தமும் சரிந்தது, பக்கத்துப் பண்ணையில் கோழிகள் மறுநாளைக்கான முட்டையையும் சேர்த்து இட்டுவிட்டன. துப்பாக்கி மேலே துள்ளி, அதன் முனை நெல்டாவின் நெற்றியில் மோதியது. தோல் கிழிந்து ரத்தம் புருவத்தில் இறங்கி மூக்கோரம் வழிந்தது. அவள் இரண்டடி பின்னால் தள்ளாடி நின்றாள். ஆனால் விழவில்லை. துப்பாக்கியையும் விடவில்லை.

ஆண்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. ஹாய்ட் மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினான். சிப்பின் போன் குலுங்கியது. கார்லிஸ் தொடையில் அறைந்து அறைந்து சிரித்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான காலை வேறு இருந்திருக்காது.

"போதுமா செல்லம்? வீட்டுக்குப் போலாமா? துப்பாக்கி ஆச தீந்துச்சா?"

நெல்டா திரும்பினாள்.

மெதுவாக, முழு உடம்போடு திரும்பினாள். கூடவே மாமியாரும் திரும்பியது.

சிரிப்பு கத்தியால் அறுத்தது போல நின்றது. ஏழு கொள்ளைக்காரர்களை மடக்கிய ஹாய்ட், எரிவாயு உருளைக்குப் பின்னால் பாய்ந்தான். ஒளிய அதைவிட மோசமான இடம் அந்த மாவட்டத்தில் கிடையாது. சிப் குப்புற விழுந்தான். விழுந்தும் போனைக் கீழே போடவில்லை. கார்லிஸ் நின்ற இடத்திலேயே சேற்றில் மல்லாந்து விழுந்தான். நான் நாற்காலியிலேயே இருந்தேன். என் முட்டிக்கு விழவும் தெரியாது, விழுந்தால் எழவும் தெரியாது. அதனால் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"என்னங்க?" என்றாள் நெல்டா, காதுமூடியோடு, கொஞ்சம் உரக்க. "என்னமோ சொன்னீங்களே. காதுல விழல."

"கீழ... கீழ எறக்கு."

"எறக்கணுமா?"

இறக்கினாள். கார்லிஸ் கீழேதான் கிடந்தான். குழல் இறங்கி நேராக அவன் பெல்ட் கொக்கியில் வந்து நின்றது.

"இப்ப சரியாங்க?"

"அய்யோ, திருப்பு, அந்தப் பக்கம் திருப்பு."

"சத்தமாப் பேசுங்க. நீங்க எப்பவும் நல்லா சத்தமாத்தானே பேசுவீங்க."

மேட்டுப் பக்கத்திலிருந்து வெர்லின் சத்தமில்லாமல் நெருங்கி வந்தான். "தங்கச்சி. மெதுவா மேட்டப் பாரு."

"இருங்கண்ணே. இவரு எனக்குத் துப்பாக்கி எடுத்துக் குடுத்துட்டிருக்காரு. நடுவுல பேசினா அவருக்குப் பிடிக்காது." நெற்றி ரத்தம் கண்ணில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. "ஏங்க, வெர்லின் அண்ணன் ஒண்ணுதானே போடச் சொன்னாரு? ஒண்ணுதான வெடிச்சுது. அப்ப இது காலிதானே? அழுத்திப் பாத்துடட்டுமா?"

"வேணாம்." கார்லிஸின் குரல் கீச்சுக் குரலாகிவிட்டது. "காலி இல்ல. முழுசும் போட்டுட்டேன்."

"முழுசுமா? எதுக்குங்க?"

எரிவாயு உருளைக்குப் பின்னாலிருந்து ஹாய்ட், "சொல்லித் தொலைடா" என்று முனகினான்.

"சும்மா... தமாஷுக்கு."

"அட, தமாஷா? நீங்க சிரிக்கவே இல்லியே. சிரிங்க."

அவன் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் பிணத்தின் முகத்தில்கூடப் பார்த்ததில்லை. அவன் கால்சட்டையின் முன்பக்கம் ஈரமாகிக்கொண்டு வந்தது. சேறு என்று வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்தக் குளிரில் சேற்றிலிருந்து ஆவி வராது.

"சரி, எனக்கு எது ஒத்துவரும், நீங்களே சொல்லுங்க."

"உனக்குப் பிடிச்சது எடுத்துக்க."

"எனக்கு என்னங்க தெரியும். பொம்பளைக்கு ஆம்பளதானே எடுத்துத் தரணும். சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

"அந்த எஃகு ரிவால்வரு. நாலங்குலம்."

"கறுப்பு வேணாமா? பழகிடும்னு சொன்னீங்களே."

"வேணாம். அந்த எஃகுதான் உனக்கு நல்லது."

"தோட்டா?"

"வாங்கிக்கலாம். எத்தன பெட்டி வேணும்னாலும்."

"வீட்டுப் பெட்டகத்துச் சாவி யார் கழுத்துல இருந்தா நல்லதுன்னு நெனைக்கிறீங்க?"

கார்லிஸ் கிடந்தபடியே பூட்ஸ் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினான். காதில் மாட்டிக்கொண்டது. காதோடு இழுத்தான். சாவியை அவள் காலருகே சேற்றில் வைத்தான்.

நெல்டா திரும்பி மண்மேட்டைப் பார்த்தாள். உருளையைத் திறந்து, மீதித் தோட்டாக்களை உள்ளங்கையில் கொட்டி, துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். குழல் மேட்டைப் பார்த்து, உருளை திறந்து, தோட்டா தனியாக. வெர்லின் அதை உற்றுப் பார்த்தான். ஒன்றும் தெரியாதவள் வைக்கிற வைப்பு அல்ல அது. கோழி ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாகன நிறுத்துமிடத்தில் பெண்கள் ஒருத்திக்கொருத்தி என்னென்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஆண்களுக்கு எங்கே தெரியும். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து ஜாம் பாட்டில் மூடியை இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் காதுமூடியைக் கழற்றினாள்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. திரும்பக்கூடாதுன்னீங்க, மறந்துட்டேன். புதுசு பாருங்க."

வெர்லின் தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "பழகிடும் தங்கச்சி" என்றான்.

வெர்லின் கணினியில் அவள் பெயரைப் போட்டுப் பார்த்தான், துப்பாக்கி வாங்கத் தடையொன்றும் இல்லை என்று வந்தது. எஃகு ரிவால்வரை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். தோட்டாப் பெட்டிகளைக் கார்லிஸ் தூக்கிக்கொண்டு பின்னால் போனான், கால்களை அகட்டி அகட்டி. லாரியை அவள் ஓட்டினாள்.

சிப்பின் படம் பொழுது சாய்வதற்குள் எல்லாப் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. "சிரிங்க" என்கிற இடத்தை ஒருவன் திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி வெட்டிப் போட்டிருந்தான். தபால் நிலையத்தில் கார்லிஸ் நுழைந்தால் யாராவது ஓர் ஆள் தரையில் மல்லாந்து படுப்பான். சர்ச்சில் ஒரு மூன்று வயதுக் குழந்தை படுத்தது. கோழி லாரிக்காரர்கள் வயர்லெஸ்ஸில் அவனுக்கு வைத்த பெயரை இங்கே எழுதமுடியாது, ஈரம் சம்பந்தப்பட்டது. வெர்லின் சுவரில் பெண்கள் படங்களின் நடுவே அவன் படமும் ஏறியது. அவன் வாயும் திறந்திருந்தது, காலும் தரையில் இல்லை. லோடு கொடுப்பவன் ஒருநாள் அவனைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கமுடியாமல் காபியைக் கணக்குப் புத்தகத்தில் துப்பிவிட்டான். அதிலிருந்து கார்லிஸ் லாரியை எடுக்கவில்லை. வீட்டோடு இருந்தான்.

இதுதான் அவன் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பீச் பழம் அடைத்த இனிப்பு அப்பம் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு, சாயங்காலச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து ஓடையைத் தாண்டிப் போனேன். கதவைக் கார்லிஸ் திறந்தான். உள்ளே திரும்பி, "ஓப்பல் அக்கா வந்திருக்காங்க. விடலாமா?" என்று கேட்டான். அவனுடைய வீடு அது.

"வாங்கக்கா" என்றாள் நெல்டா. நெற்றியில் தையல் காய்ந்து, ஒரு புருவம் லேசாகத் தூக்கி நின்றது. எப்போதும் எதையோ கேட்கிற மாதிரி ஒரு முகம் அவளுக்கு வந்திருந்தது. "உக்காருங்க. நீங்களும் சாப்பிடுங்க."

மேசையில் கோழி ஈரல் வறுவல். கார்லிஸுக்கு ஈரல் வாசனையே ஆகாது. ஒருமுறை ஈரல் வைத்ததற்குத்தான் அந்தக் குளிர்பதனப் பெட்டி அவள் கையை உடைத்தது. அவன் தட்டில் மட்டும் குன்றுபோல ஈரல் குவிந்திருந்தது.

"தெனமும் இதான்க்கா" என்றாள் நெல்டா. "ஆலைல சும்மாக் குடுக்கறாங்க. இவருக்கு இப்ப ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இல்லீங்களா?"

"பிடிக்கும்" என்றான் கார்லிஸ்.

அவன் முள்கரண்டியை எடுத்தான். அவள் தன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, மேசையில் பழைய துண்டு ஒன்றை விரித்து, எஃகு ரிவால்வரை அதன்மேல் வைத்தாள். எண்ணெய்ப் புட்டி, தூரிகை, துணி. சாவி அவள் கழுத்தில் கிடந்தது. துப்பாக்கியை அவன் பக்கம் ஒருமுறைகூட நீட்டவில்லை. குழல் சமையலறைச் சுவரைத்தான் பார்த்தது. உருளையைத் திறந்தாள், துடைத்தாள், மூடினாள். அவன் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் சரியாக அப்போதுதான் மூடினாள். டக் என்ற அந்தச் சத்தத்துக்கு அவன் தோள் காதுவரை ஏறி இறங்கியது. ஈரல் துண்டு கரண்டியிலிருந்து விழுந்தது. பொறுக்கினான். மறுபடி வாய்க்குக் கொண்டுபோனான். டக்.

"சுத்தமா வச்சுக்கணும்னு வெர்லின் அண்ணன் சொன்னாரு" என்றாள் என்னிடம். "நேரம் கெடைக்கறது சாப்பாட்டு வேளைலதான்."

இறுக்கி மூடிய ஊறுகாய் பாட்டில் ஒன்று மேசையில் இருந்தது. அவள் அதைக் கார்லிஸ் பக்கம் ஒரு விரலால் நகர்த்தினாள். அவன் கரண்டியைப் போட்டுவிட்டுத் திறந்து நீட்டினான். அவள் ஊறுகாய் எடுத்துக்கொள்ளவில்லை. "மூடுங்க" என்றாள். மூடினான். சற்றுப் பொறுத்து மறுபடியும் நகர்த்தினாள். திறந்தான். "மூடுங்க."

நான் அப்பத்தை வெட்டி ஒரு துண்டு தின்றேன். எத்தனையோ அப்பம் சுட்டிருக்கிறேன், அன்றைக்கு இருந்த ருசி எதற்கும் வந்ததில்லை.

கார்லிஸ் கரண்டியைத் தட்டில் வைத்தான். என்னைப் பார்த்தான், ஏதோ நான் அவனுக்கு வக்கீல் மாதிரி. பிறகு அவளைப் பார்க்காமல் மேசை விளிம்பைப் பார்த்துச் சொன்னான்:

"நெல்டா. ஓக்லஹோமாவுல என் அண்ணன் இருக்கான். நான் அங்க போயிடறேன். வீடு, லாரி எல்லாம் நீயே வச்சுக்க. ஒண்ணும் வேணாம். நடந்தே போயிடறேன். போகட்டுமா?"

நெல்டா துணியால் குழலை மெதுவாகத் துடைத்தாள். விளக்குக்கு நேராகத் தூக்கி உள்ளே ஒரு கண்ணால் பார்த்தாள். திருப்தி இல்லை போலிருக்கிறது, தூரிகையை மறுபடி எண்ணெயில் நனைத்தாள்.

"தட்டுல இன்னும் இருக்குல்ல" என்றாள். "முதல்ல சாப்பிடுங்க."